கடைசியில் இருக்கும் பானை

சொகுசுக் கப்பலின் காலை விருந்தில், உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் ஒரு கிண்ணம் சூடான கஞ்சியைத் தேடி...

காலை ஆறரை மணி. முந்தைய நாள் மாலை சியாட்டில் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட எங்கள் கப்பல், அலாஸ்காவை நோக்கி வடக்கே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே சாம்பல் நிறக் கடல். உள்ளே, மேல்தளத்து பஃபே கூடத்தில் வெண்ணெய் வாசனை.

நுழைந்ததும் குவியல் குவியலாக குரோசான்ட். அடுத்து பாகு வடியும் வாஃபிள், பேன்கேக். பிறகு பொரித்த உருளைக்கிழங்கு, சாசேஜ், பேக்கன், முட்டை. அப்புறம் கேக் வகைகள், பழங்கள், கண்ணாடிக் குடுவைகளில் கார்ன் ஃபிளேக்ஸ். 71 வயது அப்பா வெறும் தட்டோடு அந்த வரிசை முழுக்க நடந்தார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. சியாட்டிலில் இருக்கும் அக்கா, அப்பா-அம்மாவுக்குப் பனிமலை காட்ட வேண்டும் என்று ஆசை ஆசையாகப் பதிவு செய்த பயணம் இது.

"எல்லாம் இருக்கு. நம்ம சாப்பிடத்தான் ஒண்ணும் இல்ல போலிருக்கே" என்றார் அப்பா.

வரிசையின் கடைசியில், டீ எடுக்கும் இடத்தை ஒட்டி, மூடி போட்ட ஒரு வட்டப் பானை இருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. பானைக்குப் பக்கத்துக் கூடையில் வண்ண வண்ணப் பொட்டலங்கள். அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "ஓட்ஸ்தானே, டாக்டர் சொன்னதுதான்" என்று கிண்ணத்தில் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கலக்கிச் சாப்பிட்டார். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

இரண்டு மணி நேரம் கழித்து அறையில் ரத்தச் சர்க்கரை பார்த்தார். 241. வீட்டில் காலை உணவுக்குப் பிறகு 160, 170-ஐத் தாண்டாத மனிதர். மீட்டரை எங்களிடம் காட்டாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மாதான் வாங்கிப் பார்த்தார்.

டாக்டர் சொன்ன ஓட்ஸைச் சாப்பிட்டும் ஏன் இப்படி? ஏழு நாள் பயணத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டே இருந்தேன். விடை அந்தக் கடைசிப் பானையைச் சுற்றியே இருந்தது. கப்பலில் நல்ல கஞ்சி உண்டு. ஆனால் அது தானாக நம் தட்டுக்கு வராது. தேடிப் போய், மூன்று கேள்வி கேட்டு வாங்க வேண்டும்: எந்தத் தானியம்? எப்போது இறக்கியது? என்ன சேர்த்திருக்கிறது?

நம் ஊரிலிருந்து கப்பலேறுவோர் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகளோடு அலாஸ்காவும் கரீபியனும் போகிறார்கள்; சிங்கப்பூரிலிருந்து போகிறார்கள்; 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பியது. அவர்களில் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று மாத்திரை டப்பாவோடு ஏறுபவர்கள் நிறைய. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதல் கேள்வி: எந்தத் தானியம்?

ஓட்ஸ் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அரிசி என்று சொன்னால் நொய்யா, கெட்டி அவலா, பேப்பர் அவலா என்று நம் வீட்டில் கேட்பார்கள் இல்லையா? ஓட்ஸிலும் அதே போல மூன்று நிலை உண்டு.

முதலாவது ஸ்டீல்கட் ஓட்ஸ். உமி நீக்கிய முழு மணியை எஃகுக் கத்தியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டியது. நம்ம ஊர் நொய் மாதிரி. வேக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெந்த பிறகும் பல்லுக்குத் தட்டுப்படும். இரண்டாவது ரோல்டு ஓட்ஸ். மணியை ஆவியில் பதப்படுத்தி உருளைகளுக்கு நடுவே நசுக்கியது. இது கெட்டி அவல். 5 முதல் 10 நிமிடத்தில் வெந்துவிடும். மூன்றாவது இன்ஸ்டன்ட். இன்னும் மெலிதாக நசுக்கி, முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தியது. பேப்பர் அவல். வெந்நீர் பட்டதும் குழைந்துவிடும். கூடையில் இருந்த பொட்டலம் இந்த மூன்றாவது வகை.

மூன்றும் ஒரே தானியம்தான். வயிற்றுக்குள் நடப்பது வேறு. எவ்வளவு மெலிதாக நசுக்கி, எவ்வளவு முன்கூட்டி வேகவைக்கிறார்களோ, அவ்வளவு சீக்கிரம் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும். இந்த வேகத்தை அளக்கத்தான் கிளைசெமிக் குறியீடு. குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டால், ஸ்டீல்கட் ஓட்ஸுக்கும் தடித்த ரோல்டு ஓட்ஸுக்கும் அது சுமார் 55. இன்ஸ்டன்டுக்குச் சுமார் 75.

போதாததற்கு, அப்பா எடுத்தது மேப்பிள் பாகும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்த பொட்டலம். இந்த வகைப் பொட்டலம் ஒன்று 43 கிராம் என்றால், அதில் ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரையாகவே இருக்கும். அதாவது மூன்று தேக்கரண்டி. சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதியைக் காலை ஏழு மணிக்கே அப்பா முடித்துவிட்டிருந்தார், ஓட்ஸ் என்ற பெயரில்.

மூடியிருந்த பானையில் இருந்ததோ சர்க்கரை சேர்க்காத ரோல்டு ஓட்ஸ். ஒரு கை தூரம்தான் இடைவெளி.

வெறும் ஓட்ஸுக்கு இருக்கும் மரியாதை சும்மா வந்ததில்லை. தண்ணீரில் வெந்த ஒரு கிண்ணம் ஓட்ஸில் சுமார் 160 கலோரி, 4 கிராம் நார்ச்சத்து, 6 கிராம் புரதம் இருக்கிறது. அந்த நார்ச்சத்தில் பீட்டா குளுக்கன் என்று ஒரு வகை உண்டு. கஞ்சிக்கு அந்த வழவழப்பைத் தருவது அதுதான். குடலுக்குள் அது கூழ் போலப் படர்ந்து, சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. புதிய பித்தம் சுரக்க ஈரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. தினமும் 3 கிராம் பீட்டா குளுக்கன் இதயநோய் ஆபத்தைக் குறைக்க உதவலாம் என்று உணவு உறைகளில் அச்சிட அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதி கொடுத்தது. ஒரு கிண்ணத்திலேயே அதில் ஏறக்குறைய பாதி கிடைத்துவிடும்.

பானைகளின் பெயர்ப் பலகையையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 'க்ரீம் ஆஃப் வீட்' என்று எழுதியிருந்தால் அது நம்ம கோதுமை ரவைதான். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்து மாவு மில் ஒன்றில் 1893-இல் பிறந்த சரக்கு. இரும்புச் சத்து சேர்த்திருப்பார்கள். ஆனால் தவிடும் முளையும் நீக்கப்பட்டது என்பதால் ஒரு கிண்ணத்துக்கு நார்ச்சத்து 1 முதல் 2 கிராம்தான். 'கிரிட்ஸ்' என்றால் வெள்ளைச் சோளக் கஞ்சி என்று நினைத்துவிடக் கூடாது; அது மக்காச்சோள ரவை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் உணவு. ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் அடிக்கடி தென்படும். வெண்ணெயும் சீஸும் சேர்த்துத்தான் பெரும்பாலும் தருவார்கள். ரவைக் கஞ்சி, கிரிட்ஸ் இரண்டும் வயிற்றுக்கு இதமானவை. கடல் ஆட்டத்தில் குமட்டல் வந்தவர்களுக்கு ரவைக் கஞ்சி நல்ல துணை. சர்க்கரை நோயாளிக்கு ஓட்ஸின் இடத்தை அவை பிடிக்காது.

'பிர்ஷர் மூஸ்லி' என்ற பெயரும் கண்ணில் படும். சுவிட்சர்லாந்து மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த, ஊறவைத்த ஓட்ஸும் துருவிய ஆப்பிளும் சேர்ந்த உணவு அது. குளிர்ச்சியாக இருக்கும். மூலத்தில் பழம்தான் பிரதானம். இன்றைய பஃபேக்களில் இனிப்புத் தயிரும் தேனும் தாராளமாகச் சேர்ந்திருக்கும். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

கடலுக்குப் பழைய சிநேகிதன்

ஓட்ஸ் கப்பலுக்குப் புதிய விருந்தாளி அல்ல. பாய்மரக் கப்பல் காலத்தில் பிரிட்டிஷ் மாலுமிகளின் காலை உணவே 'பர்கூ' என்ற கெட்டி ஓட்ஸ் கஞ்சிதான். நாள்பட்ட தானியமும் கெட்ட தண்ணீரும் சேர்ந்ததால் மாலுமிகள் அதை வெறுத்தார்கள்.

டைட்டானிக் கப்பலின் உணவுப் பட்டியல்கள் சில இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 1912 ஏப்ரல் 14, அந்தக் கப்பல் பனிப்பாறையில் மோதிய நாள். அன்று காலை மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கான பட்டியலில் முதலில் இருப்பது ஓட்ஸ் கஞ்சியும் பாலும். மூன்று நாள் முந்தைய முதல் வகுப்புக் காலை உணவுப் பட்டியலிலும், புகைபோட்ட சால்மன், ஆட்டுச் சிறுநீரகம் ஆகியவற்றுக்கு முன்னால் ஓட்ஸ் நிற்கிறது. அடித்தளத்தில் படுத்தவருக்கும் மேல்தளத்து அறையில் படுத்தவருக்கும் பொதுவாக இருந்த சில உணவுகளில் அது ஒன்று.

இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்கு பெரியவை. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 7,000-க்கு மேற்பட்ட பயணிகள் ஏற முடியும். அத்தனை பேருக்கும் காலைப் பலகாரம் போடும் பஃபே ஒரு கடைத்தெரு அளவுக்கு நீள்கிறது. ராயல் கரீபியனில் அதற்கு விண்ட்ஜாமர் என்று பெயர். கார்னிவல், ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களில் லிடோ. பெயர் எதுவானாலும் கண்ணைப் பறிப்பவை வாசலில் இருக்கும். கஞ்சிப் பானை ஏதாவது ஒரு ஓரத்தில் இருக்கும்.

இரண்டாம் கேள்வி: எப்போது இறக்கியது?

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குப் போனோம். இந்த முறை பானையைத் திறந்தேன். மேலே தோல் போல ஏடு படிந்திருந்தது. கரண்டியை விட்டால் நட்டக்குத்தலாக நின்றது. அப்பா முகம் சுளித்தார். "இதுக்குப் பழைய சோறு தேவலாம்" என்றார் அம்மா.

மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞர் திரும்பிப் பார்த்தார். "ஐயா, அத எடுக்காதீங்க. ஆறு மணிக்கு வச்சது. பத்து நிமிசம் பொறுங்க, புதுப் பானை வருது."

"தமிழா தம்பி? எந்த ஊரு?"

"தூத்துக்குடிப் பக்கம் ஐயா."

அதற்குப் பிறகு அந்தப் பயணமே மாறிப்போனது. புதுப் பானை வந்ததும் அவரே கூப்பிட்டுச் சொன்னார். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியிலிருந்து இழையாக வழிந்தது கஞ்சி. நசுக்கிய மணிகளின் வடிவம் இன்னும் கலையாமல் இருந்தது. பால் வாசனையும் வறுத்த தானிய வாசனையும் கலந்த மாதிரி ஒரு மணம். ஒரு துளி பால் சேர்க்காத கஞ்சி என்று நம்பவே முடியவில்லை.

"நீ சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா கேட்டார். "பத்தரைக்கு மேலதான்மா" என்று சிரித்துவிட்டு ஓடினார் அவர்.

காரணம் எளிமையானது. ஓட்ஸ் இறக்கி வைத்த பிறகும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சூட்டிலேயே மணிக்கணக்கில் நின்றால் மணி கரைந்து பசையாகிவிடும். அதிகம் குழைந்த கஞ்சி ரத்தத்திலும் வேகமாகச் சர்க்கரை ஏற்றும். கப்பலில் சூட்டைக் குறைக்கவும் முடியாது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 'கப்பல் சுகாதாரத் திட்டம்' என்ற பெயரில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்கிறது. சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நூற்றுக்கு 86 மதிப்பெண் வாங்கினால்தான் தேர்ச்சி. ஒவ்வொரு கப்பலின் மதிப்பெண்ணும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. பயணம் பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

கடலிலேயே கழிந்த ஒரு நாளில் சமையற்கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நெருப்பே இல்லாத அடுக்களை அது. கப்பலில் தீ என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய பயம். அதனால் மின்சாரமும் நீராவியும்தான். கஞ்சி வேகும் கொப்பரைக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் இடையில் நீராவி ஓடும். நாலா பக்கமும் ஒரே சூடு என்பதால் அடிப்பிடிக்காது. படகுத் துடுப்பு மாதிரி ஒரு அகப்பையால் கிண்டுகிறார்கள். கல்யாண வீட்டுப் பாயசம் கிண்டிய கைகளுக்கு அந்த அசைவு பழகியதுதான்.

ஆகவே, பஃபே திறந்தவுடன் போவது நல்லது. தாமதமாகப் போனால், புதுப் பானை எப்போது வரும் என்று கேட்டுக் காத்திருக்கலாம். பானை வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தொட வேண்டாம், பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். கரண்டிப் பிடியைப் பல நூறு கைகள் தொட்டிருக்கும். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் ஆல்கஹால் கைத்திரவத்துக்குச் சரியாகக் கட்டுப்படாது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. கரண்டி பிடித்துப் பரிமாறிய பிறகு, சாப்பிட உட்காரும் முன் இன்னொரு முறை கழுவுங்கள்.

மூன்றாம் கேள்வி: என்ன சேர்த்திருக்கிறது?

ஸ்காட்லாந்தில் கார்பிரிட்ஜ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1994-லிருந்து அங்கே உலகக் கஞ்சிப் போட்டி நடக்கிறது. வென்றவருக்குப் பரிசு தங்க நிறத் துடுப்புக் கட்டை. கஞ்சி கிண்ட அந்த ஊரார் பயன்படுத்தும் மரக்கோலின் வடிவம். பாரம்பரியப் பிரிவில் மூன்றே மூன்று பொருளுக்குத்தான் அனுமதி: ஓட்ஸ், தண்ணீர், உப்பு. நல்ல கஞ்சிக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

கப்பல் பானையில் அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில அடுக்களைகளில் தண்ணீரில் வேகவைக்கிறார்கள், சிலவற்றில் பாலில், சிலவற்றில் கடைசியில் வெண்ணெயோ க்ரீமோ விடுகிறார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், கொழுப்பைக் குறைப்பவர்கள் கேட்டே ஆக வேண்டும். உப்பும் கவனிக்க வேண்டியது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியமும் இரவும் கப்பல் சமையலில் உப்பு கூடுதலாகத்தான் போகும். காலையிலாவது மிச்சம் பிடிக்கலாம்.

பெரிய ஆபத்து பானைக்கு வெளியே, சின்னச் சின்னக் கிண்ணங்களில் இருக்கிறது. பழுப்புச் சர்க்கரை, தேன், மேப்பிள் பாகு, உலர்திராட்சை, சாக்லேட் துணுக்கு. ஒரு மேசைக்கரண்டி தேனில் 17 கிராம் சர்க்கரை. ஒரு கைப்பிடி உலர்திராட்சையில் 25 கிராமுக்கு மேல். பழுப்புச் சர்க்கரை நம்ம நாட்டுச் சர்க்கரை மாதிரி நிறம் காட்டும். வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் உடம்பில் வித்தியாசம் கிடையாது.

அதே வரிசையில்தான் நல்லவையும் இருக்கின்றன. வால்நட் ஒரு பிடி எடுத்தால் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் சுமார் இரண்டரை கிராம் கிடைக்கும். ஆளி விதை இருந்தால் பொடித்ததாகப் பார்த்து எடுங்கள். முழு விதை செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். பட்டைத் தூள் சர்க்கரை இல்லாமலே இனிப்பு மயக்கம் தரும். பக்கத்துப் பழ வரிசையில் புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி.

மூன்றாம் நாளிலிருந்து அப்பாவின் கிண்ணம் ஒரு கணக்குக்கு வந்தது. கரண்டி அளவு மாறாமல் முக்கால் கிண்ணம் ஓட்ஸ், ஆறேழு வால்நட், ஒரு கரண்டி ஆளிப்பொடி, ஒரு சிட்டிகை பட்டை, மேலே ஐந்தாறு புளூபெர்ரி. தனித் தட்டில் ஒரு அவித்த முட்டை. சாப்பிட்டு முடித்து மேல்தளத்தில் அரை மணி நடை. இரண்டு மணி நேரம் கழித்து 168.

ஒருவரின் மீட்டர் எண்ணை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது. முட்டையின் புரதமும் நடையும் அதில் பங்கு வகித்திருக்கும். ஆனால் அன்று அப்பா மீட்டரைப் பைக்குள் போடவில்லை. சாப்பாட்டு மேசையில், எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

பஃபேக்கு வெளியே

இந்த விஷயத்தில் பலர் மறந்துபோகிற இடம், உட்கார வைத்துப் பரிமாறும் பெரிய உணவுக்கூடம். அங்கே கூட்டம் குறைவு, கட்டணம் கிடையாது. பட்டியலில் ஓட்ஸ் கஞ்சி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். "தண்ணீரில் வேகவைத்து, சர்க்கரையும் வெண்ணெயும் இல்லாமல், கூடவே வால்நட்" என்று சொன்னால் அப்படியே வரும். முந்தைய நாள் இரவே சொல்லி வைத்தால், ஸ்டீல்கட் கையிருப்பு இருக்கிற கப்பலில் அதையும் செய்து தருவார்கள். குரோசான்ட் மலையைக் கடந்து போக வேண்டியதில்லை என்பதே பெரிய லாபம்.

பசையம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஓட்ஸிலும் கவனமாக இருக்க வேண்டும். ஓட்ஸில் இயல்பாகப் பசையம் கிடையாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். அதற்கென்று சான்று பெற்ற பொட்டலம் தனியாக உண்டு. பொதுப் பானையின் கரண்டி பக்கத்து ரவைப் பானைக்கும் போய் வந்திருக்கலாம். அவர்கள் பானையை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

அறையிலேயே கஞ்சி வைத்துக்கொள்ளலாமே என்று நம்மவர்களுக்குத் தோன்றும். அக்காவும் ஒரு சின்ன கெட்டிலைப் பெட்டியில் வைத்திருந்தார். ஏறும்போதே கப்பல் பணியாளர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள், இறங்கும்போது திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான அமெரிக்கக் கப்பல்களில் கெட்டில், ரைஸ் குக்கர், வெந்நீர்க் கம்பி எதற்கும் அனுமதி இல்லை, தீ பயம்தான். பி அண்ட் ஓ, குனார்ட் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் அறையிலேயே கெட்டில் வைத்திருக்கின்றன. மற்றவற்றில் பஃபேயின் டீ வெந்நீர் நாள் முழுக்கக் கிடைக்கும். சர்க்கரை சேர்க்காத மெல்லிய ரோல்டு ஓட்ஸைச் சின்னப் பைகளில் அளந்து கொண்டுபோய், மூடியுள்ள குவளையில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் போதும். ஸ்டீல்கட் இதற்கு ஆகாது, அடுப்பில்தான் வேகும்.

கப்பலேறும் முன், ஏறிய பின்

• சர்க்கரை நோய், பசையம், பால் ஒவ்வாமை, ஜைன உணவு என்று எதுவாக இருந்தாலும் பல வாரங்களுக்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏறிய அன்றே உணவுக்கூட மேலாளரை ஒருமுறை நேரில் பாருங்கள்.

• முதல் நாள் மாலையே பஃபேயைக் காலித் தட்டோடு ஒரு சுற்றுச் சுற்றி, கஞ்சிப் பானை வைக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

• அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்தைவிட ஒரு மணி பின்னால். கப்பல் கடிகாரம் மாறும் நாளில் மாத்திரை, இன்சுலின், காலை உணவு மூன்றும் ஒன்றுக்கொன்று விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

• நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். இல்லையென்றால் பயண மலச்சிக்கல் இன்னும் மோசமாகும்.

• பஃபேயின் பழத்தைப் பையில் போட்டுக் கரையில் இறங்காதீர்கள். பல துறைமுகங்களில் புதுப் பழங்களுக்குத் தடை உண்டு.

அம்மாவின் பானை

ஐந்தாம் நாள் காலை ஓட்ஸ் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானை வந்தது. அதன் பலகையில் ஆங்கிலத்தில் 'கான்ஜி' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் நறுக்கிய வெங்காயத்தாள், இஞ்சி, வேர்க்கடலை. சீனக் குடும்பம் ஒன்று ஆவலாக எடுத்துக்கொண்டிருந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது என்னடி புதுசா?" என்று அக்காவிடம் கேட்டார்.

மூடியைத் திறந்ததும் அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி.

அந்த ஆங்கிலச் சொல் நம் 'கஞ்சி'யிலிருந்து போனது. நம் கடற்கரையில் வணிகம் செய்த போர்ச்சுகீசியர் வாயில் ஏறி, ஆங்கிலத்துக்குப் போய், சீனர்களின் அரிசிக் கஞ்சிக்கும் அதுவே பெயராகி, உலகமெங்கும் ஹோட்டல் பட்டியல்களில் நிற்கிறது. கப்பலேறிப் போன நம் சொல், அலாஸ்கா கடலில் அம்மாவுக்கு எதிரே ஆவி பறக்க வந்து நின்றது. அம்மா ஒரு கிண்ணம் எடுத்து, வேர்க்கடலை தூவி, வெங்காயத்தாள் போட்டுச் சாப்பிட்டார். "ஒரு மோர் மிளகாய் இருந்தா போதும்" என்றார்.

வெள்ளை அரிசிக் கஞ்சி சர்க்கரை நோயாளிக்கு ஏற்றதல்ல. அப்பா ஒரு கரண்டி ருசி பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் வயிறு கெட்டவர்களுக்கும், கடல் ஆட்டத்தில் எதுவும் இறங்காதவர்களுக்கும் இதைவிட இதமானது கப்பலில் வேறில்லை. ஆசியப் பயணிகள் அதிகம் ஏறும் கப்பல்களில், குறிப்பாகச் சிங்கப்பூரிலிருந்து கிளம்புபவற்றில், பெரும்பாலும் கிடைக்கும்.

கடைசி நாள் காலை, பெட்டிகளெல்லாம் வெளியே போன பிறகு, அம்மா அந்தத் தூத்துக்குடித் தம்பியைத் தேடிப் பிடித்தார். கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தார். அவர் வாங்கி உடனே உள் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். காலைப் பந்தியில் இலை போட்டாயிற்று. கோதுமை ரவைக் கிச்சடி வாளியோடு வந்த பரிமாறும் பையனை அப்பா கையமர்த்தி நிறுத்தினார்.

"தம்பி, இது எப்போ இறக்கினது? டால்டா போட்டிருக்கா?"

பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார். பையன் கோபப்படவில்லை. "இப்பத்தான் இறக்குனோம் ஐயா, நல்லெண்ணெயும் நெய்யும்தான். நெய் வேணாம்னா சொல்லுங்க, தாளிக்காதது உள்ள இருக்கு, கொண்டாரேன்" என்றான்.

அப்பா இலையைச் சரி செய்துகொண்டு காத்திருந்தார்.